மட்டை பிடித்த கை: இடமா, வலமா?

‘கை’ என்பது ஓரெழுத்து ஒருமொழி. உறுப்பைக் குறிக்கும் அச்சொல் ஒழுக்கத்தையும் பக்கத்தையும் படையின் பகுதியையும் குறிக்கும் என்பதை அகராதிகளிற் காணலாம். ஆயின், வலக்கைக்கும் இடக்கைக்கும் நாம் அளித்துள்ள மதிப்பு ஒன்றாக இல்லை. ‘வலம்’ என்னும் சொல்லுக்கு வலிமை, வெற்றி என்னும் பொருள்கள் உண்டு. தேரைத் திறம்படச் செலுத்துபவனைச் சங்கச் சான்றோர் ‘வலவன்’ என்றனர். இடப்பக்கத்தோடு ஒலியால் நெருங்கி நிற்கும் ‘இடக்கு’ என்னும் சொல்லோ முரண்டு என்னும் பொருளைத் தருகின்றது. நம் வட்டாரப் பேச்சில் வலக்கை ‘சோற்றாங்கை’; இடக்கை ‘பீச்சாங்கை’. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகளில் ‘வலங்கை வேளைக்காரப் படைகள்’ பேசப்படுகின்றன. பின்னைய நூற்றாண்டுகளில் சமூகமே வலங்கை என்றும் இடங்கை என்றும் பிரிந்து பூசலிட்டதை வரலாறு கூறும். ஒரு கையை உயர்த்தி மறு கையைத் தாழ்த்தும் இவ்வழக்கம் இன்று நம் பிள்ளைகளின் விளையாட்டுக் களத்திற்கும் வந்துள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வயலில் கண்ட காட்சி

சென்ற தை மாதம், சம்பா அறுவடை முடிந்து தாள் மட்டும் எஞ்சிய வயலொன்றில் எங்கள் ஊர்ச் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். என் அண்ணன் மகன் மட்டை பிடித்திருந்தான். அவனுக்கு வயது பத்து. அவன் வலத் தோளைப் பந்து வீசுபவனை நோக்கித் திருப்பி நின்றான். கிரிக்கெட் வழக்கில் அஃது ‘இடக்கை ஆட்டம்’. நன்றாகவே அடித்தான். அஸர்த் தொழுகை முடித்து வரப்பு வழியே வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். “ஏண்டா தம்பி, முஸ்லிம் வீட்டுப் புள்ள பீச்சாங்கையால ஆடலாமா? சோத்தாங்கைக்கு மாத்துடா” என்றார். அவர் அன்பினால்தான் சொன்னார். பையன் மறுபக்கம் திரும்பி நின்றான். அடுத்த மூன்று பந்துகளும் மட்டையிற் படவில்லை. நான்காவது பந்து குச்சியைச் சாய்த்தது. அவன் மட்டையை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு வரப்பில் அமர்ந்தான். அதன்பின் சில நாள்கள் வயற்பக்கம் போகவே இல்லை.

இதில் வியப்பு யாதெனில், அப்பையன் இடக்கைப் பழக்கம் உடையவன் அல்லன். உண்பதும் எழுதுவதும் பந்தெறிவதும் வலக்கையால்தான். அவ்வாறாயின் பெரியவர் திருத்தியது எதனை? இவ்வினாவே என்னைச் சிந்திக்கச் செய்தது.

பெயரில் உள்ள மயக்கம்

எழுதுகோலை ஒரு கை பிடிக்கும். கதிர் அரிவாளை ஒரு கை பிடிக்கும். எனவே அவற்றில் இடக்கையர், வலக்கையர் என்னும் பகுப்பு தெளிவானது. கிரிக்கெட் மட்டையை இரண்டு கைகளும் சேர்ந்தே பிடிக்கின்றன. வரப்பு அணைக்கும் தொழிலாளர் மண்வெட்டி பிடிப்பதைப் பாருங்கள். ஒரு கை காம்பின் நுனியில் இருக்கும். மற்றது இடையில் இருக்கும். இரு கைகளும் உழைக்கின்றன. அவரை ‘வலக்கை வெட்டுக்காரர்’ என்று எவரும் பெயரிட்டழைப்பதில்லை.

கிரிக்கெட்டில் மட்டும் அவ்வாறு பெயரிடுகின்றனர். இடத் தோள் பந்து வீச்சாளரை நோக்க, இடக்கை கைப்பிடியின் மேற்புறத்திலும் வலக்கை அதன் கீழும் அமைந்தால் அவர் ‘வலக்கை ஆட்டக்காரர்’. வலத் தோள் முன்நிற்க, வலக்கை மேலும் இடக்கை கீழும் அமைந்தால் அவர் ‘இடக்கை ஆட்டக்காரர்’. அதாவது, கீழே இருக்கும் கையை வைத்தே பெயர் சூட்டப்படுகின்றது. மேலே இருக்கும் கை கணக்கிற் கொள்ளப்படுவதில்லை. என் அண்ணன் மகன் ‘இடக்கையால்’ ஆடியபோது அவனது சோற்றாங்கை மட்டையின் உச்சியில் இருந்தது. மறுபக்கம் திருப்பியபோதோ அது கீழே இறங்கியது!

இந்த மயக்கம் நம்மூர்ச் சிறுவனோடு நின்றுவிடவில்லை. இடக்கை ஆட்டக்காரர் எனப் புகழ் பெற்ற பலர் பந்து வீசுவது வலக்கையால். 1996-ஆம் ஆண்டு லார்ட்ஸ் மைதானத்தில் தம் முதல் டெஸ்டிலேயே 131 ஓட்டங்கள் எடுத்த சௌரவ் கங்குலி இயல்பில் வலக்கையர். இடப்புற நிலையில் ஆடிய தம் அண்ணனின் விளையாட்டுக் கருவிகளைப் பயன்படுத்தியதால் தாமும் அவ்வாறே ஆடப் பழகினார். இந்திய மகளிர் அணியின் ஸ்மிருதி மந்தனாவும் வலக்கையர். அண்ணன் ஆடியதைப் பார்த்து இடப்புற நிலையை மேற்கொண்டவர். சென்னையைச் சேர்ந்த சடகோபன் ரமேஷ், வாஷிங்டன் சுந்தர், சாய் சுதர்சன் ஆகிய மூவரும் இடப்புறம் நின்று மட்டை பிடிப்பவர்கள். வலக்கையால் பந்து வீசுபவர்கள். 1996-இல் இலங்கைக்கு உலகக் கோப்பை வென்று தந்த அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்கவும் அத்தகையவரே.

டெஸ்ட் ஆட்டத்தில் ஒருவர் ஒரே இன்னிங்ஸில் எடுத்த மிக உயர்ந்த ஓட்டங்களை நோக்குவோம். பிரையன் லாரா 2004-இல் எடுத்த 400; மேத்யூ ஹைடன் 2003-இல் எடுத்த 380; மீண்டும் லாரா 1994-இல் எடுத்த 375. முதல் மூன்று இடங்களும் ‘இடக்கை’ ஆட்டக்காரர்க்கே உரியன. ஆனால் லாராவும் ஹைடனும் பந்து வீசியதோ வலக்கையால்!

மறுதலையான சான்றும் உண்டு. சச்சின் டெண்டுல்கர் எழுதுவது இடக்கையால். மட்டை பிடித்தது வலப்புற நிலையில். அதாவது, எழுதும் கை அவருக்கு மட்டையின் மேற்புறத்தில் இருந்தது. அவர் பந்து வீசியதோ வலக்கையால். ஆகவே, பந்து வீசும் கையை மட்டும் கொண்டு ஒருவரின் இயல்பை முற்ற முடிந்த முடிபாகக் கூறிவிடவும் இயலாது. இடக்கையால் பந்து வீசி வலப்புறம் நின்று ஆடிய ரவி சாஸ்திரி, இன்சமாம் உல் ஹக் ஆகியோரும் இவ்வகையினர்.

மேற்கையின் ஆட்சி

இதற்குக் காரணம் யாது? மட்டையை நேராகக் கொணர்வதும், அதன் முகம் திரும்பாமற் காப்பதும், பந்தைத் தரையோடு செலுத்துவதும் பெரிதும் மேற்கையின் பணிகள். கீழ்க்கை வேகத்தைக் கூட்டும்; ஆனால் அது மிஞ்சினால் மட்டை குறுக்கே திரும்பும்; பந்து காற்றில் எழும்பும். இதனாலேயே பயிற்சியாளர்கள் மேற்கையை உறுதியாகவும் கீழ்க்கையைத் தளர்வாகவும் வைக்குமாறு கற்பிக்கின்றனர். திறமை மிக்க கை மேலே இருப்பின் இப்பணி எளிதாகலாம் என்பது கருத்து.

இக்கருத்தை டேவிட் மான், ஆலிவர் ரன்ஸ்விக், பீட்டர் ஆலன் ஆகியோர் ஆய்ந்து 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தொழில்முறை மட்டையாளர்களையும் பயிற்சியற்றவர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். வலிய கை மேலே அமையும் ‘மாற்று நிலை’ தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் காணப்படும் வாய்ப்பு, பயிற்சியற்றவர்களிடம் காணப்படுவதைப் போல் 7.1 மடங்கு என்று கண்டனர். ஒருவர் இடப்புறம் நிற்கின்றாரா வலப்புறம் நிற்கின்றாரா என்பதும், எந்தக் கண் முதன்மை பெற்றது என்பதும் இம்முடிவை மாற்றவில்லை. முன்நிற்கும் கண்ணே காரணம் என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்ததற்கு இவ்வாய்வு துணை செய்யவில்லை என்பது கருதத்தக்கது.

அரிதாயிருப்பதன் ஆதாயம்

மேற்கை ஒன்றே காரணம் என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. மெய்யாகவே இடக்கையரான ஆட்டக்காரர்களும் பேரெல்லை தொட்டுள்ளனர். 1958-இல் ஆட்டமிழக்காமல் 365 ஓட்டங்கள் எடுத்த கார்ஃபீல்டு சோபர்ஸ் பந்து வீசியதும் இடக்கையால். 1997 மே மாதம் நம் சேப்பாக்கத்தில் 194 ஓட்டங்கள் குவித்து, ஒருநாள் போட்டிகளில் அந்நாளைய உலகச் சாதனையை நிறுவிய பாகிஸ்தானின் சயீத் அன்வரும் அவ்வாறே. 1988-89 பருவத்து ரஞ்சிக் கோப்பையில் கோவா அணிக்கு எதிராக 313 ஓட்டங்கள் எடுத்த தமிழகத்தின் டபிள்யூ. வி. ராமனும் இருவகையிலும் இடக்கையரே. இவர்களுக்கு மேற்கைக் கோட்பாடு பொருந்தவில்லை. வேறொரு நன்மை இவர்களுக்கு உண்டு. அது நிற்கும் பக்கத்தால் வருவது.

மாந்தரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே இடக்கையர். எனவே பந்து வீச்சாளர்களில் பெரும்பாலோர் வலக்கையர். அவர்கள் பயின்றதும் பெரும்பாலும் வலப்புற ஆட்டக்காரர்களுக்கு எதிராகவே. இடப்புறம் நிற்பவர் வந்தவுடன் அவர்களது குறி மாற வேண்டும். களத்தடுப்பாளர்களும் இடம் மாற வேண்டும். 2003-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டிகளை ஆராய்ந்த இராபர்ட் புரூக்ஸ் முதலானோர், இடப்புற ஆட்டக்காரர்கள் கூடுதல் வெற்றி பெற்றதையும், சிறந்து விளங்கிய அணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இடப்புறத்தினராக இருந்ததையும் எடுத்துக்காட்டினர். பந்து வீச்சாளர்க்குப் பழக்கமின்மையே இதற்குக் காரணம் என்பது அவர்கள் துணிபு. குத்துச்சண்டையிலும் வாள்வீச்சிலும் இடக்கையர் எதிராளியைத் திகைக்கச் செய்வது இதே காரணத்தினால்தான்.

ஆட்ட விதியும் ஓரளவு துணை நிற்கின்றது. வலக்கை வீச்சாளர் வழக்கமான பக்கத்திலிருந்து வீசும் பந்து, இடப்புற ஆட்டக்காரரின் லெக் பக்கத்திலிருந்து ஆஃப் பக்கம் நோக்கிக் குறுக்கே செல்லும். அது குச்சியைத் தாக்க வேண்டுமாயின் பெரும்பாலும் லெக் குச்சியை ஒட்டியோ அதற்கு வெளியிலோ தரையைத் தொட வேண்டும். லெக் குச்சிக்கு வெளியே விழும் பந்திற்கு எல்.பி.டபிள்யூ முறையில் ஆட்டமிழப்பு இல்லை.

ஆயின் ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை உண்டு. வலக்கை வேகப்பந்து வீச்சாளர்களின் காலடிகள் ஆடுகளத்தைக் கிளறிவிடும். அவ்வாறு கிளறப்பட்ட கரடு, எதிர்முனையிலிருந்து வரும் பந்தை ஆடும் இடப்புற ஆட்டக்காரரின் ஆஃப் குச்சிக்கு வெளியே அமைகின்றது. சுழற்பந்து அதில் விழுந்து வெளிநோக்கித் திரும்பினால் அவர் பாடு திண்டாட்டந்தான். இதனை நன்குணர்ந்தவர் சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வின். டெஸ்ட் ஆட்டங்களில் 200 இடக்கை மட்டையாளர்களை வீழ்த்திய முதல் வீச்சாளர் அவரே. அவ்வெண்ணிக்கையை அவர் எட்டியதும் 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில்தான். இடப்புறம் நிற்போர் பெருகப் பெருக, அவர்களை வீழ்த்தும் கலையும் வளர்ந்துள்ளது.

கடல் கடந்த சான்று

அமெரிக்காவிலும் சப்பானிலும் புகழ் பெற்ற பேஸ்பால் ஆட்டத்தில் இவ்வாய்வு மேலும் விரிந்துள்ளது. அங்கும் அடிப்பவர் தம் கோலை இரு கைகளாலும் பிடிக்கின்றார். பந்தை அடித்தவுடன் முதல் தளத்தை நோக்கி ஓட வேண்டும். இடப்புற ஆட்டக்காரர் அத்தளத்திற்குச் சில அடிகள் நெருங்கியே நிற்கின்றார். கோலை வீசிய வேகமும் அவர் உடலை அத்திசைக்கே திருப்புகின்றது. மேலும், வலக்கை வீச்சாளர் வீசும் வளைபந்து அவரை விட்டு விலகாமல் அவரை நோக்கி வருகின்றது. எனவே அங்கு இடப்புற நிலைக்குக் கிரிக்கெட்டில் இல்லாத நன்மைகள் உள.

வலக்கையால் எறிந்து இடப்புறம் நின்று அடிப்போர் அவ்வாட்டத்தின் தலைசிறந்தோர் வரிசையில் மிகுந்து காணப்படுவதை டேவிட் மான் முதலியோர் 2017-இல் சுட்டிக்காட்டினர். பழங்காலத்து டை காப், டெட் வில்லியம்ஸ் ஆகியோர் அவ்வகையினர். 2004-ஆம் ஆண்டுப் பருவத்தில் 262 முறை வெற்றியுடன் அடித்துச் சாதனை படைத்த சப்பானியர் இச்சிரோ சுசுகியும், 2024-இல் 54 ஹோம் ரன்கள் அடித்த ஷோஹெய் ஒஹ்தானியும் அவ்வாறே. பேப் ரூத் மட்டும் எறிவதிலும் அடிப்பதிலும் இடக்கையர். இருபுறமும் மாறி மாறி நின்று அடிக்கும் பழக்கமும் அங்கு உண்டு. 4256 முறை வெற்றியுடன் அடித்த பீட் ரோஸ் அத்தகையவர். ‘சவ்யசாசி’ என்னும் பெயர் அருச்சுனனுக்கு இரு கையாலும் வில் வளைக்கும் ஆற்றலால் வந்ததை இங்கு நினைவு கூரலாம்.

ஓர் எச்சரிக்கை

இவற்றைப் படித்தவுடன், ‘என் பிள்ளையை நாளையே இடப்புறம் நிறுத்துவேன்’ என்று எந்தத் தந்தையும் புறப்பட்டுவிடலாகாது. டெஸ்ட் ஆட்டங்களில் 99.94 என்னும் சராசரி பெற்ற பிராட்மன் வலப்புறம் நின்றே ஆடினார். சுனில் கவாஸ்கரும் அவ்வாறே. தொழில்முறை ஆட்டக்காரரிடம் ஒரு நிலை மிகுந்து காணப்படுகின்றது என்பது ஒன்று. அந்நிலையே அவரை உயர்த்தியது என்பது வேறொன்று. முன்னது கணக்கு, பின்னது ஊகம். பெரும்பாலோரைப் பின்பற்றாமல் தனக்கு இசைந்த நிலையைத் தானே கண்டுகொண்ட ஒருவனிடம் ஆட்ட உணர்வும் இயல்பாகவே மிகுந்திருக்கலாம். ஆய்வுகள் நமக்கு உறுதியாகக் கற்பிப்பது ஒன்றே: சிறுவன் தானாக எடுக்கும் நிலையைத் ‘தவறு’ என்று திருத்துவதற்கு ஆதாரம் இல்லை.

நம் கடமை

இங்கு நம் சமுதாயப் பெரியோர்களிடம் ஒன்று சொல்ல விழைகின்றேன். உண்பதும் பருகுவதும் வலக்கையால் என்பது நபிவழி. அவ்வொழுக்கத்தைக் குழந்தைக்குக் கனிவோடு பழக்குவது பெற்றோர் கடன். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உணவுத் தட்டிற்குரிய ஒழுக்கத்தை எழுதுகோலுக்கும் மட்டைக்கும் நீட்டி, பிள்ளையை வைவதும் அடிப்பதும் மார்க்கத்தின் பெயரால் நாம் சேர்த்துக்கொண்ட சுமையாகும். இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரு கைகளையும் ஒப்பப் பயன்படுத்தும் ஆற்றல் பெற்றிருந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அஃது அவர்களுக்குக் குறையாக எழுதப்படவில்லை.

என்னோடு தொடக்கப் பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் மெய்யாகவே இடக்கையன். பலகையில் அவன் இடக்கையால் எழுதிய எழுத்து அச்சுப்போல் இருக்கும். ஆசிரியர் ஒருவர் அவனது இடக்கையைத் துண்டால் கட்டி, வலக்கையால் எழுதச் செய்தார். எழுத்துச் சிதைந்தது, தேர்வில் பாதி விடையோடு மணி அடித்துவிடும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான். இன்று அவன் தச்சுத் தொழிலில் வல்லவன். உளியை எந்தக் கையில் பிடிக்கின்றான் என்று அவனிடம் எவரும் கேட்பதில்லை. கதவு பொருந்துகின்றதா என்றே பார்க்கின்றனர். அவ்வாசிரியரும் அன்பினால்தான் செய்திருப்பார். நானும் இன்று ஓர் ஆசிரியன் ஆதலின், அத்துண்டு என் நினைவை விட்டு அகலவில்லை.

வயலில் அறிவுரை சொன்ன பெரியவரைப் பின்னொரு நாள் பள்ளிவாசல் வாயிலிற் சந்தித்தேன். கையிலிருந்த குடையையே மட்டையாக்கி, “மாமா, பாருங்கள்; இப்படி நின்றால் மேலே இருப்பது எந்தக் கை?” என்று கேட்டேன். அவர் குடையை வாங்கித் தாமே பிடித்துப் பார்த்தார். திருப்பியும் பிடித்துப் பார்த்தார். “அட, சோத்தாங்கைதான் மேல இருக்கு! இது தெரியாம புள்ளய வைஞ்சிட்டேனே, தம்பி” என்றார். மறுநாள் மாலை அவரே எங்கள் வீட்டிற்கு வந்து, பையனைக் கைபிடித்து வயலுக்கு அழைத்துச் சென்றார். வரப்பில் நின்றவாறு அவனுக்கு நான்கு பந்துகள் வீசினார். அவர் வீசிய கையையோ அவன் நின்ற பக்கத்தையோ அன்று எவரும் பார்க்கவில்லை.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் பெற்றோராகவும் ஆசிரியராகவும் ஆவீர்கள். ஒரு குழந்தை எழுதுகோலையோ மட்டையையோ முதன்முதல் எடுக்கும்போது, எந்தக் கை என்று அதட்டாதீர்கள்; சிறிது நேரம் நின்று பாருங்கள். இரு கைகளையும் தந்தவன் ஒருவனே. அவற்றின் ஆற்றலை அறிந்து போற்றும் தெளிவை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!